உப்பு நெறஞ்சிருக்குங்க

‘அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு’ என்று எங்கள் துறையூரில் பேச்சுக்குப் பேச்சு சொல்வார்கள். அரிசி மலிவாக இருந்த காலம் மலையேறிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிய தலைவர்களின் காலம் மலையேறிவிட்டது. கூப்பிட்ட குரலுக்கு கேஸ் சிலிண்டர் வந்த காலமும் மலையேறிவிட்டது. இத்தனையும் மலையேறிக் கிடக்கிறதே, நாமும் ஒருதரம் ஏறிப் பார்த்து, முடிந்தால் ஏதாவது ஒன்றை மட்டும் கையோடு இறக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் கொல்லிமலைக்குப் புறப்பட்டேன்.

இப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் என்னை அனுப்பியது என் மனைவி ஜொகரா.

எங்கள் வீட்டு டிவி காலையில் கண் விழித்ததுமே ‘பதற்றம்’ என்று சிவப்பு எழுத்தில் காட்டும். எங்கே பதற்றம், யாருக்குப் பதற்றம் என்று வாசிப்பதற்குள் ‘பரபரப்பு’ வந்துவிடும். ஒருவர் ஆட்சி நிற்காது என்பார். இன்னொருவர் ரூபாய் நிற்காது என்பார். மூன்றாமவர் கப்பல் வராது, அதனால் எண்ணெய் வராது, அதனால் லாரி வராது, அதனால் அரிசி வராது என்று ‘வராது’களை வரிசையாகக் கோத்து மாலையாகவே நம் கழுத்தில் போட்டுவிடுவார். ஜொகரா அந்த மாலையைப் போட்டுக்கொண்டே மெழுகுவர்த்தி வாங்கினாள், தீப்பெட்டி வாங்கினாள், பருப்பு வாங்கினாள். நான் பாத்திரக் கடைக்காரன் என்பதால் போட்டு வைக்க ஏனத்துக்குப் பஞ்சமில்லை. கட்டிலுக்கு அடியில் வரிசையாக டப்பாக்கள். நான் தூக்கத்தில் புரண்டு படுத்தால் கீழே கடுகு புரண்டு படுக்கும்.

“ஏங்க, அரிசி எங்கிருந்தோ வரணும். சாமை பக்கத்து மலையிலிருந்து வருது. எது வராமப் போனாலும் மலை எங்கேயும் போயிடாதுல்ல? போயி ஒரு மூட்டை சாமை கொண்டாங்க. நீல டிரம்மைக் கழுவி வைக்கிறேன்” என்றாள். இதற்கு மறுப்புச் சொல்ல அந்த டிவிக்காரர்களாலேயே முடியாது.

எனக்கு ஒரு வசதி இருந்தது. மலைமேல் வளப்பூர் நாட்டிலிருந்து பழனியம்மாள் என்று ஒரு பெண் என் கடைக்கு வருவாள். தன் மகள் தேனுவுக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். அதற்குக் குடமும் தாம்பாளமும் எடுக்க வந்தவள், “நீங்களும் வாங்க பாயண்ணே. காதுகுத்துக்கு வந்தாப்புலயும் ஆச்சு, சாமை வாங்குனாப்புலயும் ஆச்சு. சாமை நான் தாரேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

வளப்பூர் நாடு, திருப்புலி நாடு என்று அந்த மலையில் ஒவ்வொரு ஊர்க்கூட்டமும் ஒரு நாடு. ஆகவே இது எனக்கு வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் காலி சாக்கு ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. எந்த பஸ், எங்கே மாறினேன் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? மலையேறும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடமில்லை என்பதுதான் விஷயம். சீட்டில் மனிதர்கள், சீட்டுக்கு அடியில் மூட்டைகள், நடைபாதையிலும் மூட்டைகள். ஒரு மூட்டையின் மேல் உட்காரப் போனேன். பக்கத்தில் நின்ற பெரிய மீசைக்காரர் பதறிப்போனார்.

“ஏனுங்க பாய், மெதுவா உக்காருங்க. உள்ளே சரக்கு இருக்குது.”

“என்ன சரக்குங்க?”

அவர் மீசையைத் தடவினார். “துணிமணிங்க.”

உட்கார்ந்தேன். எத்தனையோ துணி பார்த்திருக்கிறேன். இவ்வளவு கரடுமுரடாகக் குத்தும் துணியை எந்த மில்லில் நெய்கிறார்கள் என்று தெரியவில்லை. அடுத்த மூட்டைக்காரரைக் கேட்டேன். அவருடையதும் துணி. அதற்கடுத்த அம்மாளுடையதும் துணி. மலைக்கு மேலே யாருமே உடுத்தாமல் இருக்கிறார்களோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

கண்டக்டர் என் காதருகே குனிந்தார். “துணியும் இல்ல, மணியும் இல்லீங்க பாய். இந்த வாரம் பூரா மலைக்கு உப்புதான் ஏறுது. இறங்கிப் போயி உங்க வேட்டியைப் பாருங்க, கருவாட்டு வாசம் அடிக்கும்.”

“உப்பா? எதுக்கு?”

“சாமை வெளையுது, கேப்பை வெளையுது, மரவள்ளி, மொளகு, பலா, வாழை எல்லாம் வெளையுது. உப்பு வெளையுதுங்களா? நாட்டுல என்னமோ நடக்கப்போவுதுன்னு எவனோ சொல்லிட்டான். கடல் மட்டும் மேல ஏற மாட்டேங்குதேன்னு எல்லாரும் கீழ எறங்கிட்டாங்க.”

நாங்கள் கீழேயிருந்து சாமைக்கு மேலே ஓடுகிறோம். அவர்கள் மேலேயிருந்து உப்புக்குக் கீழே ஓடுகிறார்கள். இந்த இரண்டு ஓட்டமும் ஒரு கொண்டை ஊசி வளைவில் சந்தித்துக்கொண்டன. எதிரே இறங்கி வந்த பஸ்ஸுக்கு வழிவிட எங்கள் பஸ் ஒதுங்கி நின்றது. ஜன்னலோடு ஜன்னல் உரச, எனக்கு நேரே ஒரு சட்டைக்காரர் மடியில் மூட்டையோடு வந்து நின்றார். முகத்தைப் பார்த்தாலே கீழ்நாட்டுக்காரர், என் கட்சி.

“மேல சாமை கிடைக்குதாங்க?” என்றேன்.

“கடைசி மூட்டையை நான்தான் தூக்கிட்டு வர்றேன்” என்றார், தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்போல. பிறகு எங்கள் பஸ்ஸை எட்டிப் பார்த்தார். “அதென்னங்க இத்தனை மூட்டை?”

மீசைக்காரர் முந்திக்கொண்டார். “துணிமணிங்க.”

சட்டைக்காரர் முகத்தில் இருந்த வெற்றி வடிந்துவிட்டது. “துணிக்குமா தட்டுப்பாடு வருது?” என்று அவர் கேட்பதும், அவர் பஸ் நகர்வதும் ஒன்றாக நடந்தன. அடுத்த வளைவு வரைக்கும் அவர் யாருக்கோ போன் போட்டுக் கத்தும் சத்தம் கேட்டது. “முதல்ல நாலு வேட்டி எடுத்து வை!”

பஸ்ஸைவிட்டு இறங்கிய இடத்தில் டீ குடித்தேன். நாட்டு நிலைமை பற்றி மலையில் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? பெஞ்சில் இருந்தவரிடம், “நாட்டு நிலைமையே சரியில்லையாமே” என்று தொடங்கினேன்.

“எந்த நாடுங்க? வளப்பூர் நாடா, திருப்புலி நாடா?”

“இந்திய நாடுங்க.”

“அது பெரிய நாடுங்க, எங்களுக்கு எட்டாது” என்று டீயை ஊதினார்.

“ஆட்சி கவிழ்ந்துவிடும் என்கிறார்களே?”

“கவுந்தா நிமித்தி வெச்சுக்கலாமுங்க, அண்டாவாட்டம்.”

“ரூபாய் விழுந்துவிட்டதாம்.”

“எங்க விழுந்துதுங்க?” என்று கேட்டுவிட்டு அவர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாரே, அந்த அழகுக்கே இன்னொரு டீ சொல்லலாம், சொன்னேன். ஆனால் டீயில் நனைத்துத் தின்ன உப்பு பிஸ்கட் கேட்டேன் பாருங்கள், உப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த மனிதர் சட்டென்று எழுந்து வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார். ஆட்சி, ரூபாய் எதற்கும் அசையாதவர்.

பழனியம்மாள் வீட்டை அடைந்தபோது பந்தல் போட்டு முடிந்திருந்தது. பலாமர நிழலில் பூசணியும் அவரையும் குவிந்து கிடந்தன. அவள் கணவன் வெள்ளையன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு வந்தது, தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சட்னி. வாயில் போட்டேன். சட்னி என்னவோபோல் இருந்தது. எதிரே பழனியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுதுங்களா பாயண்ணே?”

“என்னம்மா?”

“உப்பு நெறஞ்சிருக்குங்க” என்றாள். கண் கலங்கியிருந்தது.

உப்பு நிறைந்திருப்பதற்கு எதற்குக் கண் கலங்க வேண்டும்? சட்னியில் போட மறந்துவிட்டாள்போல என்று நினைத்து, “நல்லதும்மா, நிறைஞ்சு இருக்கட்டும்” என்று வாழ்த்தினேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகுதான் வெள்ளையன் விஷயத்தைச் சொன்னான். விசேஷத்துக்கு எல்லாம் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள், உப்பைத் தவிர. வெள்ளிக்கிழமை உப்பு வாங்கினால் வீட்டுக்கு லட்சுமி வருவாள் என்று பழனியம்மாள் வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தாள். ஊரே வியாழக்கிழமை வாங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை லட்சுமியும் கடைக்காரரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையன் கீழே இறங்கித் தேடினான். அங்கேயும் இவன் ஊர்க்காரர்களே முந்திக்கொண்டு வாங்கி மூட்டை கட்டியிருந்தார்கள். வீட்டில் இருந்ததோ முந்தாநாள் குழம்போடு முடிந்துவிட்டது. மறுநாள் மதியம் ஊர் மொத்தமும் பந்தியில் உட்காரும்.

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. எம்புள்ள காதுகுத்துச் சோறு குப்பைக்குப் போவோணுமுங்களா?” என்றாள் பழனியம்மாள். “இந்த ஊருக்கு வாழ வந்து நாங்க வெக்கிற மொத விசேசமுங்க. எங்க நாத்தனா வேற வருது. அது வாயில உப்பில்லாத சாம்பாரு போச்சுன்னா, தேனு கல்யாணத்துலயும் அதையேதான் பேசும்.”

“ஊரில் எல்லார் வீட்டிலும்தான் மூட்டை மூட்டையாக இருக்கிறதே, கேட்டால் ஆயிற்று.”

“விசேசக்காரி ஊடு ஊடா உப்புக்கு நிக்கலாமுங்களா? நீங்க போங்க பாயண்ணே. வெளியூர் ஆளு, வெளையாட்டாப் பேசுவீங்க. ஆனா வெளக்கு வெக்கிறதுக்குள்ள வந்துருங்க. வெளக்கு வெச்சுட்டா எவ ஊட்டுலயும் உப்பு வெளிய வராது. அப்புறம், கைக்குக் கை வாங்கிராதீங்க, சண்டை வந்துரும். ஏனத்தைக் கீழ வெச்சுட்டு நில்லுங்க, அவங்க போடுவாங்க.”

ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பாத்திரம் விற்றிருக்கிறேன். காலிப் பாத்திரத்தோடு வாசல் வாசலாகப் போனது அன்றுதான்.

முதல் வீடே மீசைக்காரர் வீடு. பெயர் பெரியண்ணன், பழனியம்மாளுக்கு அண்ணன் முறையாம். எந்த மூட்டையின் மேல் நான் மலையேறினேனோ, அதே மூட்டை சுவரோரம் நின்றது. நான் உட்கார்ந்த அடையாளம்கூட அதில் அப்படியே இருந்தது. போசியைக் கீழே வைத்தேன்.

“ஏனுங்க, கொஞ்சம் உப்பு கிடைக்குமா?”

பெரியண்ணன் என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “உப்பு நெறஞ்சிருக்குங்க பாய்.”

“ரொம்ப சந்தோஷம்” என்றேன். நின்றேன். அவரும் நின்றார். போசியும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, “வெயில் பரவாயில்லீங்க” என்றார். “பரவாயில்லை” என்றேன். அவர் உள்ளே போனார். எடுத்துவரத்தான் போகிறார் என்று காத்திருந்தேன். கதவு சாத்தப்பட்டது.

அடுத்த வீட்டிலும் ‘நெறஞ்சிருக்குங்க’. அதற்கடுத்த வீட்டில் ஒரு அம்மாள் உப்பு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, “நெறஞ்சிருக்குது சாமி” என்று அன்போடு சொன்னாள். எங்கும் நிறைந்திருந்தது. என் போசியில் மட்டும் ஒரு கல் விழவில்லை. சரி, நாளைக்குக் கொண்டுவந்து தருவார்கள்போல என்று திரும்பினேன்.

“கவலையை விடும்மா. எல்லார் வீட்டிலும் நிறைஞ்சிருக்காம்!”

பழனியம்மாள் அப்படியே பூசணிக்காய் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சொலவடை என்றால் எனக்கு உயிர். பஸ் ஸ்டாண்டில் கேட்டதைக்கூட வீட்டுக்கு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வருவேன். அப்படிப்பட்ட எனக்கு இது தெரியவில்லை. உப்பும் அரிசியும் தீர்ந்தால் ‘இல்லை’ என்று அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்களாம். வீட்டில் இல்லை என்ற சொல்லே இருக்கக் கூடாது என்று, தீர்ந்துபோனதை ‘நெறஞ்சிருக்கு’ என்பார்களாம். எங்கள் வீட்டில் தீர்ந்தால் ஜொகரா ‘தீர்ந்துபோச்சு’ என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிடுவாள்.

“ஆனால் மூட்டையை என் கண்ணால் பார்த்தேனே! பெரியண்ணன் மூட்டையில் என் அச்சே இருக்கிறதே!”

“எனக்குந்தான் தெரியுமுங்க” என்றாள் பழனியம்மாள். “இல்லீங்கன்னு சொல்லியிருந்தா, ஏண்டா பொய் சொல்றீன்னு சண்டைக்குப் போலாம். அவங்க எங்க பொய் சொன்னாங்க? நெறஞ்சிருக்குன்னாங்க. நெறஞ்சுதான இருக்குது.”

ஒரே சொல்லில் உண்மையையும் சொல்லி, கதவையும் சாத்திவிட்டார்கள். இந்தத் திறமையோடு இவர்கள் ஏன் தேர்தலில் நிற்கவில்லை என்று தெரியவில்லை.

மலைக்கு அந்தப்பக்கம் பொழுது இறங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு ஏறியது. இனி உப்பு வெளியே வராது. பந்தலில் காய் நறுக்க வந்த பெண்கள் நாட்டு நடப்பையெல்லாம் பேசினார்கள், உப்பைத் தவிர. பழனியம்மாள் யார் முகத்தையும் பார்க்காமல் வெங்காயம் உரித்தாள். வெங்காயம் நல்ல பண்டம், அழுவதற்குக் காரணம் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. விடிந்தது என்று கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், வெளியே ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு பனிமூட்டம். துறையூரில் காலை ஆறு மணிக்கே வெயில் வட்டிக்காரன்போல வாசலில் நிற்கும். இங்கே என் கை எனக்கே தெரியவில்லை. சட்டை, போர்வை, மீசை எல்லாம் ஈரம். பல் துலக்கிக்கொண்டு நிற்கும்போது ‘சளப் சளப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ பாயசம் குடிக்கிற மாதிரி. ஒரு பக்கம் இல்லை, ஊரெங்கும்.

பனி கொஞ்சம் விலகியதும் பார்த்தேன். ஊரில் இருந்த ஆடு மாடு அத்தனையும் வாசல் வாசலாக நின்று வாசற்படியை நக்கிக்கொண்டிருந்தன.

‘உப்பு விக்கப் போனா மழை பேயுது’ என்பார்கள். வாங்கி வைத்தாலும் அதே கதைதான். மலைப்பனியில் கல்லுப்பு மூட்டைகள் இரவெல்லாம் வியர்த்து, உருகி, சுவரோரமாக வழிந்து, கதவிடுக்கு வழியே வெளியே வந்துவிட்டன. விளக்கு வைத்தபின் உப்பு வெளியே வராது என்பது மனுஷனுக்குத்தான் போலிருக்கிறது, உப்புக்குத் தெரியவில்லை. பெரியண்ணன் வீட்டு வாசலில்தான் கூட்டம் அதிகம். ஒரு எருமை கதவையே தள்ளிக்கொண்டிருந்தது. பழனியம்மாள் வாசலில் மட்டும் ஒரு ஆட்டுக்குட்டிகூட இல்லை.

அவள் இடுப்பில் கைவைத்து அந்தக் காட்சியைப் பார்த்தாள். பிறகு பந்தல் கேட்கக் குரல் கொடுத்தாள்.

“ஏனுங்க பெரியண்ணே! உங்கூட்டு வாசல்ல என்னுங்க விருந்து?”

கதவைத் திறந்த பெரியண்ணன் எருமையை முகத்துக்கு நேரே பார்த்தார். “அது... மோரு கொட்டிப்போச்சு கண்ணு.”

“அக்கா ஊட்டுலயும் மோருங்களா?”

“இல்ல கண்ணு, ஊறுகா சட்டி ஒடஞ்சுபோச்சு!” என்றது பனிக்குள்ளிருந்து வெற்றிலை அம்மாளின் குரல்.

“ஊரு பூரா ஒரே ராத்திரில சட்டி ஒடஞ்சிருக்குது, பாருங்க பாயண்ணே!”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “அதனாலென்னம்மா, உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும் என்பார்கள். பாவம், அத்தனை ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணி வை” என்றேன்.

பந்தலில் காய் நறுக்கிய பெண்களில் யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு வீடு வீடாகப் போயிற்று. பெரியண்ணன் சிரிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு எருமையோடு கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போனார். வரும்போது தோளில் துண்டு, கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் குவியலாக ஈர உப்பு, அதன் உச்சியில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம், ஒரு கொத்து பூ.

“சீருக்குன்னு வாங்கி வெச்சது கண்ணு” என்றார், என்னைப் பார்க்காமல். “உப்பில்லாத சீரு உண்டா? நேத்தே குடுத்தா சீராத் தெரியாதுன்னு... காத்தால நல்ல நேரத்துல குடுக்கோணும்னுதான் வெச்சிருந்தேன்.”

பழனியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் தலைகுனிவு. அவள் சொல்லவில்லை. “எனக்குத் தெரியாதுங்களா அண்ணே? அதான் நான் வாங்கவே இல்லை” என்றாள்.

சீர் என்ற வாசல் திறந்ததும் ஊரே அதில் நுழைந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தாம்பாளம். எல்லாம் சீருக்கு வாங்கியது, எல்லாம் காலையில் தருவதற்கென்றே வைத்திருந்தது. பனிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக உப்புக் குன்றுகள் நடந்து வந்தன. பின்னாலேயே ஆடுகளும் வந்தன. மேளக்காரருக்கு என்ன ஏது என்று புரியவில்லை, சீர் வரிசை என்றதும், பாவம், மேளத்தைக் கொட்டத் தொடங்கிவிட்டார். யாரும் கைக்குக் கை கொடுக்கவில்லை. ஒவ்வொரு தட்டாகக் கீழே இறக்கி வைத்தார்கள். சேலம் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய நாத்தனார் மலைத்துப்போனார். “என்னடி இது, எங்க ஊருல பவுனு வெப்பாங்க, இங்க உப்பு வெக்கிறாங்க?” பழனியம்மாள் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். “எங்க ஊருல இதுதானுங்க பவுனு.”

தேனு மாமன் மடியில் உட்கார்ந்து ஆசாரியைப் பார்த்ததும் போட்ட சத்தத்தில் மிச்சப் பனியும் விலகிவிட்டது. மதியம் பந்தி. சாமைச் சோறு, பூசணி சாம்பார், அவரைப் பொரியல், மிளகு ரசம். முதல் கவளத்தை எல்லாரும் ஒன்றாக வாயில் வைத்தோம். பழனியம்மாள் கரண்டியோடு அசையாமல் நின்றாள். பெரியண்ணன் மென்றார், விழுங்கினார்.

“ஏனுங்க, உப்பு எப்படி?” என்றாள்.

“நெறஞ்சிருக்குது கண்ணு!” என்றார் பெரியண்ணன். பந்தியே புரையேறிப்போகச் சிரித்தது. அளவு அவ்வளவு சரியாக இருந்தது. நான் சாமைச் சோற்றை மூன்றாம் முறை வாங்கிக்கொண்டேன். அந்தச் சோற்றில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது, அது எனக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது.

திங்கள்கிழமை காலை, மடித்த சாக்கை உதறிக்கொண்டு, “சாமை தருவதாகச் சொன்னாயே அம்மா” என்றேன்.

பழனியம்மாள் வெள்ளையனைப் பார்த்தாள். வெள்ளையன் பலாமரத்தைப் பார்த்தான்.

“சாமைங்களா... நெறஞ்சிருக்குங்க பாயண்ணே.”

இந்தமுறை எனக்கு அர்த்தம் சொல்லத் தேவைப்படவில்லை. நேற்று நான் வளைத்து வளைத்துச் சாப்பிட்டதே அதுதான். சாக்கு காலியாகப் போகக் கூடாது என்று அதில் சீர் உப்பை நிரப்பினாள். மேலே ஒரு பலாப்பழத்தையும் கட்டிக் கொடுத்தாள்.

பஸ் ஏறுமுன் போனில் ஜொகராவைப் பிடித்தேன். “சாமை கிடைச்சுதாங்க?” என்றாள். புதுச் சொல் கற்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா? “நெறஞ்சிருக்கு ஜொகரா!” என்றேன். அர்த்தம் சொல்லப் போகும்போது மலை குறுக்கே வந்துவிட்டது, போன் அறுந்தது.

இறங்கும் பஸ்ஸில் கூரைமேல் போட்ட என் பலாப்பழம் ஒரு வளைவில் கயிறறுத்துக்கொண்டு உருண்டது. நாங்கள் வளைந்து வளைந்து இறங்க, அது குறுக்குவழியாக இறங்கியது. கீழ் வளைவில் அது வாய்பிளந்து எங்களுக்காகக் காத்திருந்தது. குரங்குகள் பாதியை முடித்திருந்தன. டிரைவர் பிரேக் போட்டுக்கொண்டே, “புரளியாட்டம் நமக்கு முன்னாடி வந்து சேந்துருச்சுங்களே” என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று துறையூரில் தெரிந்தது. கடைத்தெருவில் ஜவுளிக் கடைகளில் கூட்டம் முண்டியது. வீட்டுக்குப் போனால் ஜொகரா புதுக் கைலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“துணிக்குத் தட்டுப்பாடு வருதாமேங்க! மலையிலிருந்து வந்த ஒருத்தர் கண்ணாலேயே பார்த்தாராம், பஸ் பஸ்ஸாத் துணியை ஏத்திக்கிட்டுப் போறாங்களாம். சரி, மூட்டையை இதுல கொட்டுங்க.” நீல டிரம் கழுவிக் காய்ந்து, பளபளவென்று நின்றது. கொட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

முழுக்கதையையும் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே கேட்டாள், பாத்திரக்காரன் பெண்டாட்டி அல்லவா, எருமை வந்த இடத்தில் பாத்திரம் உருண்டதுபோல் சிரித்துவிட்டாள்.

மறுநாள் நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்கோடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் சரோஜா வாசலில் வந்து நின்றாள். கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலைப் பக்கத்துப் பெண்.

“அக்கா, கடையில உப்பு கெடைக்கலைங்க. ஊட்டுல இருக்குதுங்களா?”

ஜொகரா உள்ளிருந்தே சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள். “உப்பா? நெறஞ்சிருக்கும்மா!” சொல்லிவிட்டு, பெரிய கிண்ணமாகத் தேடி எடுத்து, டிரம்மில் கைவிட்டு, குவியலாக அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசலில் யாரும் இல்லை.

“எங்கேங்க அந்தப் பொண்ணு? இப்பத்தானே கேட்டுச்சு?”

எனக்கு விளங்கிவிட்டது. கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். சரோஜா தலையைக் குனிந்தபடி தெருமுனைக்குப் போய்விட்டாள்.

“ஏம்மா சரோஜா! நில்லும்மா! எங்க வீட்டில் நெறஞ்சிருக்குன்னா நெறஞ்சிருக்குதான்!”

அவள் திரும்பிப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு கிண்ணத்தை நீட்டப் போனவன், சட்டென்று நினைவு வந்து, நடுத்தெருவில் அதைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பிரேக் போட்டு, கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னங்க பாய் அது?”

“சீருங்க” என்றேன். “கொஞ்சம் ஒதுங்கிப் போங்க.”